ஒன்பது நாள் குழி: டெக்சாஸில் மானுக்குத் தண்ணீர் வைத்த கதை

முதலில் தோண்டிய குழியில் தண்ணீர் நின்றது நான்கே நாள். 2019 ஜூனில் மினி எக்ஸ்கவேட்டர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நானும் மதுரைக்கார அண்ணனும் மாறி மாறி ஓட்டி, ஐந்து மீட்டருக்கு நான்கு மீட்டர் பள்ளம் ஒன்று பறித்தோம். மறுவாரமே நல்ல மழை. பள்ளம் ததும்பியது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். ‘டெக்சாஸில் ஊருணி வெட்டிய முதல் ராமநாதபுரத்துக்காரன்’ என்று மாமா ஒருவர் பட்டமும் கொடுத்தார். ஐந்தாம் நாள் அங்கே கட்டியிருந்த கேமரா அனுப்பிய படத்தில் அடியில் கொஞ்சம் சேறும், அதில் ஒரு ரக்கூனின் கைவிரல் தடமும்தான் இருந்தன.

ஆஸ்டினில் ஐ.டி. வேலை. அங்கிருந்து வடமேற்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில், லானோ ஊரைத் தாண்டி, 62 ஏக்கர் நிலம் ஒன்றை அண்ணனும் நானும் 2018-ல் பங்கு போட்டு வாங்கினோம். அண்ணன் பல வருடமாக வேட்டைக்குப் போகிறவர். நான் அப்போதுதான் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து லைசென்ஸ் எடுத்திருந்தேன். லானோ தன்னை ‘டெக்சாஸின் மான் தலைநகர்’ என்று சொல்லிக்கொள்ளும் ஊர். வெள்ளைவால் மான்கள் அந்த அளவுக்கு அடர்த்தி. டெக்சாஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலான நிலம் தனியார் கையில் இருப்பதால், வேட்டை என்றால் ஒன்று சொந்த நிலத்தில், இல்லையென்றால் குத்தகைக்கு எடுத்த நிலத்தில்தான் பெரும்பாலும் நடக்கும்.

தண்ணீர் வைக்கும் யோசனை மான் மேல் இருந்த பாசத்தால் வந்ததில்லை. வரியால் வந்தது. எங்கள் நிலம் ஏற்கெனவே மேய்ச்சல் நிலமாக, விவசாய மதிப்பீட்டில் இருந்தது. மாடு வளர்க்காமல் அந்தக் குறைந்த வரியைத் தக்கவைக்க வேண்டுமானால் காட்டுயிர் மேலாண்மைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இங்கே சட்டம் இருக்கிறது. 1995-ல் வாக்கெடுப்பில் மக்களே ஒப்புதல் கொடுத்தது. வாழிடப் பராமரிப்பு, மண்ணரிப்புத் தடுப்பு, பிற உயிர்களைக் கொன்று தின்னும் விலங்குகளைக் கட்டுப்படுத்துவது, கூடுதல் தண்ணீர், கூடுதல் தீவனம், ஒதுங்கிடம், கணக்கெடுப்பு என்ற ஏழில் குறைந்தது மூன்றைச் செய்ய வேண்டும். அண்ணன் பட்டியலைப் பார்த்துவிட்டு, “தண்ணிதான் தம்பி ஈசி. குழி வெட்டுனா முடிஞ்சுபோச்சு” என்றார். அந்த ‘முடிஞ்சுபோச்சு’ என்ற சொல்லைத்தான் இந்த ஆறேழு வருடமாகத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ராமநாதபுரத்துக்கே வருடத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. லானோ பக்கம் அதைவிடக் குறைவு. அதுவும் மே மாதம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஜூலை ஆகஸ்டில் வானம் இரும்புத் தகடு மாதிரி கிடக்கும். ஆழ்துளைக் கிணறு போடப் பத்தாயிரக்கணக்கில் டாலர் கேட்டார்கள். அது வேண்டாம் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். மாடுகளுக்காக மண்கரை போட்டுத் தேக்கிய குட்டையை இந்த ஊர்க்காரர்கள் ‘டேங்க்’ என்கிறார்கள். பக்கத்து ராஞ்சு என்ற மாட்டுப் பண்ணையின் பெரியவர் முதல் நாள், “என் டேங்கில் கெளுத்தி மீன் இருக்கிறது, வந்து பிடித்துக்கொள்” என்றபோது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கூட இருந்த கலிபோர்னியாக்காரருக்குப் புரியவில்லை. நம் ஊர் வெள்ளைக்காரக் காலத்து ஆவணங்களில் ஏரி, கண்மாய் எல்லாம் டேங்க்தானே. நுங்கம்பாக்கத்தில் இருந்த ஏரி போனாலும் டேங்க் பண்ட் ரோடு இன்னும் இருக்கிறது.

அந்தப் பெரியவர்தான் எங்கள் வறண்ட குழியைப் பார்த்துவிட்டு, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். ரோஜா நிறச் சரளை. அந்தப் பகுதி முழுக்கப் பழைய கிரானைட் பாறை. அது பொடிந்து பொடிந்து வந்த மண். “இதில் தண்ணீர் நிற்கும் என்று உனக்கு யார் சொன்னது?” என்றார். யாரும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

குழி வெட்டுமுன் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரண்டடி ஆழத்தில் கையளவு குழி ஒன்று தோண்டி, அடிமண்ணை எடுத்து நனைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். கொழுக்கட்டை மாதிரி பிடித்தால் நிற்க வேண்டும். நசுக்கினால் விரல் நீளத்துக்கு நாடாவாக இழுபட வேண்டும். எங்கள் மண் ரவை மாதிரி உதிர்ந்தது. அந்தக் கைக்குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் பார்த்திருந்தாலே எக்ஸ்கவேட்டர் வாடகை மிச்சம். தோண்டுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு 811-க்கு ஒரு போன் போட வேண்டும் என்பதையும் பெரியவர்தான் சொன்னார். நிலத்தடியில் கேஸ் குழாய், மின்கம்பி போகிறதா என்று இலவசமாக வந்து அடையாளமிட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் போடவில்லை. ஒன்றும் ஆகாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

சரி, வெட்டியாகிவிட்டது, பென்டோனைட் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினோம். ஈரம் பட்டால் உப்பி இடுக்குகளை அடைக்கும் களிமண் தூள் அது. இந்த மாதிரி சரளை மண்ணில் ஒரு சதுர மீட்டருக்கு இருபது கிலோவாவது வேண்டும். எங்கள் குழிக்குக் கிட்டத்தட்ட பதினெட்டு மூட்டை. நாங்கள் போட்டது ஆறு. ‘முதலில் ஆறு போட்டுப் பார்ப்போம், போதாவிட்டால் அப்புறம்’ என்று அண்ணன் சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் மேலே இன்னொரு தடவை தூவினால் பயனில்லை. காய்ந்த மண்ணோடு ஒரே தடவையாகக் கலந்து, மிதித்து இறுக்க வேண்டிய சமாசாரம் அது. அடுத்த மழைக்குத் தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. நான்கு ஒன்பதானது முன்னேற்றம்தான். ஆனால் ஆகஸ்ட் மாத மானுக்கு அதனால் ஒரு சொட்டும் கிடைக்கப் போவதில்லை.

2020-ல் கொரோனா வீட்டுச்சிறையிலிருந்து தப்பி, வார இறுதிகளை அங்கேயே கழித்தோம். அப்போதுதான் உருப்படியான ஏற்பாடு ஒன்று அமைந்தது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் 380 லிட்டர் கறுப்புத் தொட்டி ஒன்றை விளிம்புவரை மண்ணில் புதைத்தோம். பக்கத்து மேட்டில் ஆறு மீட்டருக்கு மூன்று மீட்டர் தகரக் கொட்டகை. அதன் கூரையில் விழும் மழை ஒரு பழைய ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டாங்கிக்குப் போகும். டாங்கியிலிருந்து குழாய் கீழிறங்கி, தொட்டியில் ஒரு மிதவை வால்வில் முடியும். மின்சாரம் இல்லை, பம்பு இல்லை.

கூரைக் கணக்கு நம் ஆட்களுக்குச் சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பதினெட்டு சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் விழுந்தால் 450 லிட்டர். சிந்தியது சிதறியது போக 400 சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். அங்குலத்தையும் சதுர அடியையும் கேலனையும் வைத்துப் பெரியவர் ஒரு சிகரெட் அட்டையில் போட்ட கணக்கும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றது. அந்த ஆயிரம் லிட்டர் டாங்கியைப் பழையதாக வாங்குகிறவர்கள், முன்பு அதில் என்ன இருந்தது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். உணவுப் பொருள் வந்ததை மட்டுமே எடுங்கள். வெயில் படாமல் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டால் உள்ளே பாசி பிடிக்காது.

இடம் பார்த்தது நாங்கள் இல்லை, மான்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவில் தாழ்வான ஒரு கணவாய் மாதிரி இடத்தில், மூன்று ஒற்றையடித் தடங்கள் வந்து கூடுகின்றன. பகலில் அவை படுத்துக் கிடக்கும் ஜூனிபர் புதருக்கும், இரவில் மேயும் ஓக் மரத் திட்டுக்கும் நடுவழி. மத்தியானத்துக்கு மேல் தொட்டி மேல் ஓக் நிழல் விழும். முதல் குழியை நாங்கள் வெட்டியது வண்டி போக வசதியாக, கேட்டுக்குப் பக்கத்தில். யாருடைய வசதிக்காக என்று அப்போது யோசிக்கவில்லை.

புதைப்பதில் இரண்டு நுணுக்கம். விளிம்பு தரைமட்டத்துக்கு மூன்று நான்கு விரல்கடை மேலே நிற்க வேண்டும். தரைக்குச் சமமாக வைத்தால் மழைத்தண்ணீர் புழுக்கையையும் மண்ணையும் அடித்துக்கொண்டு உள்ளே வரும். இன்னொன்று எங்களுக்கு அடிபட்டுத் தெரிந்தது. மறு வருடம் மே மாதம், தேய்த்துக் கழுவுவதற்காகத் தொட்டியைக் காலி செய்தோம். இருட்டிவிட்டது, காலையில் நிரப்பலாம் என்று ஆஸ்டினுக்குத் திரும்பிவிட்டோம். அன்று இரவு இடியோடு மழை. மறுநாள் போனால் தொட்டி குழிக்குள் இல்லை. படகு மாதிரி ஓரடி மேலே மிதந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. குழாய் இணைப்பு பிய்ந்து தொங்குகிறது. சுற்றிலும் நாங்கள் தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நிறைந்து காலித் தொட்டியைத் தூக்கிவிட்டது. அதன் பிறகு கழுவிய கையோடு பாதியாவது நிரப்பாமல் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.

முதல் பத்து நாள் ரக்கூன்கள் மட்டுமே வந்தன. வந்து மிதவையைப் பிடித்து ஆட்டி விளையாடும். ஒரு தடவை அதைக் கழற்றிப் போட்டு ஆயிரம் லிட்டரையும் ஒரே இரவில் காலி செய்துவிட்டன. மிதவை மேல் கனமான கல் பலகை ஒன்றைக் கூரை மாதிரி வைத்த பிறகுதான் அந்தத் தொல்லை விட்டது.

பதினொன்றாம் இரவு வந்த படத்தைப் பார்த்து, படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தொட்டியின் ஓரத்தில் முன்னங்காலை அகட்டி வைத்துக் குனிந்திருக்கிறது ஒரு கிடா. ஒவ்வொரு கொம்பிலும் மூன்று கவை. உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. கிண்டியில் வேலிக் கம்பியில் முகம் வைத்து நான் பார்த்த அதே புள்ளிமான்.

1932-ல் டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்டது. பண்ணைகளிலிருந்து தப்பியும் அவிழ்த்துவிட்டும் ஹில் கன்ட்ரி என்ற இந்தக் குன்றுப் பகுதி முழுக்கப் பரவிவிட்டது. இங்கே ஆக்சிஸ் என்பார்கள். வந்தேறி இனம் என்பதால் அதற்கு வேட்டைப் பருவம் கிடையாது, லைசென்ஸ் இருந்தால் வருடம் முழுக்கச் சுடலாம். வெள்ளைவால் மானுக்கு நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி வரைதான் துப்பாக்கிப் பருவம். இந்தியாவில் 1972-ம் வருடச் சட்டம் வந்ததிலிருந்து புள்ளிமானைத் தொட்டாலே ஜெயில் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு இதெல்லாம் சீரணமாகக் கொஞ்ச நாள் பிடித்தது.

அம்மாவிடம் வீடியோ காலில் படத்தைக் காட்டினேன்.

“இது நம்ம புள்ளிமான்ல? அங்கிட்டு எப்படிடா வந்துச்சு?”

“உன் மகன் மாதிரிதான்மா. யாரோ கூட்டியாந்தாங்க, இங்கயே தங்கிருச்சு.”

சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, “தண்ணிய வச்சுக் கூப்பிட்டுட்டு அதச் சுடுவீகளாக்கும்?” என்றாள்.

அதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பின்னால் வருகிறேன்.

அதற்கு முன்னால் அணில். 2020 ஜூலையில் ஒரு வாரம் மான் எதுவும் தண்ணீரைத் தொடவில்லை. படங்களில் வருகின்றன, இரண்டு எட்டுத் தள்ளி நின்று மூக்கை நீட்டுகின்றன, திரும்பிப் போகின்றன. போய் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்சுவர் ஓரமாக ஒரு அணில் ஊறி மிதக்கிறது. நம் ஊர் அணிலைவிட இரண்டு மடங்கு பெரிசு. சுவரில் பாசியைச் சுரண்டிச் சுரண்டி அது ஏறப் பார்த்த கோடுகள், தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு, சுற்றிலும் தெரிந்தன. ஒரே இடத்தில் இல்லை, வட்டம் முழுக்க. தண்ணீரில் விழுந்த சின்னப் பிராணி நடுவில் நீந்தாது, சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும். அதனால்தான் ஏறுவதற்கு வைக்கும் சரிவுப்பலகை சுவரோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு கட்டையை மிதக்கவிடுவது நம் மனத் திருப்திக்கு மட்டும்தான். இப்போது கம்பி வலையை வளைத்து, அடிவரை போகும் சரிவாக ஒரு மூலையில் பொருத்தியிருக்கிறோம். தண்ணீர் பாதியாகக் குறைந்தாலும் அதன் அடிநுனி தண்ணீருக்குள் இருக்கும். மே ஜூனில் பிறக்கும் மான்குட்டி தவறி விழுந்தாலும் காலூன்றி ஏறிவிடும். அந்த வலை வைத்த பிறகு ஒரு சாவும் இல்லை. தேனீக்களுக்காக நான்கைந்து கூழாங்கல்லும் அதிலேயே போட்டிருக்கிறேன்.

2021 பிப்ரவரி உறைபனி டெக்சாஸையே உலுக்கியது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்டின் வீட்டில் மின்சாரமில்லாமல் கம்பளிக்குள் கிடந்தபோது ராஞ்சின் குழாய் நினைப்பு எங்கே வரும்? பத்து நாள் கழித்துப் போனபோது மிதவை வால்வு பித்தளையே பிளந்து, டாங்கி காலி. அது பரவாயில்லை, முப்பது டாலர். கணவாய் மேட்டுக்குப் பின்னால் நான்கு புள்ளிமான்கள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்த நிலையிலேயே செத்துக் கிடந்தன. வெள்ளைவால் ஒன்றுகூட இல்லை. அது இந்த மண்ணின் பிராணி, குளிரைத் தாங்கிவிட்டது. நம்மூர் வெயிலுக்குப் பிறந்ததுதான் தாங்கவில்லை. இப்போது நவம்பர் கடைசியில் குழாயை வடித்துவிட்டு, குளிர்காலம் முழுக்கத் தொட்டியை மட்டும் கையால் நிரப்புகிறோம்.

2022 கோடையில்தான் எவ்வளவு குடிக்கின்றன என்று தெரிந்தது. மழையே இல்லை. டாங்கியில் கோடு கிழித்து வைத்து அளந்தேன். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 58 லிட்டர் குறைந்தது. தொட்டியின் வாய் ஒரு சதுர மீட்டர். அந்த வெயிலில் ஆவியாவது நாளைக்கு ஏழெட்டு மில்லிமீட்டர் என்றால் ஏழெட்டு லிட்டர்தான். மீதி ஐம்பதும் வயிற்றுக்குள் போனது. ஆயிரம் லிட்டர் பதினேழு நாள் தாங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போகிறவர்களுக்கு அது விளிம்பில் நடப்பது மாதிரி. மழை பெய்துவிட்டால் நிலைமை தலைகீழ். பாறைக் குழிகளிலும் புல்லிலும் ஈரம் கிடைப்பதால் ஒரு மானும் எட்டிப் பார்க்காது. முதல் வருடம் அப்படி நடந்தபோது, என்ன தப்பு செய்தோம் என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

அந்தக் கோடையில் பெரியவர் கிணற்றிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். நானும் பிக்கப் வண்டியின் பின்னால் இன்னொரு ஆயிரம் லிட்டர் டாங்கியை வைத்து, விளிம்புவரை நிரப்பினேன். வண்டி பின்னங்காலில் உட்கார்ந்தது. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது, ஸ்டியரிங் காற்றில் திரும்புகிறது. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். வண்டி தாங்குவது 700 கிலோ. இதைக் கணக்குப் போட எனக்கு இன்ஜினியரிங் பட்டம் தேவைப்பட்டிருக்கக் கூடாது. பெரியவர் வாசலில் நின்றபடி, “தண்ணீரைத் திறந்துவிடு மகனே, மானுக்கு நாளைக்கும் தாகம் எடுக்கும்” என்றார். நானூறு நானூறாக, டிரெயிலரில், மூன்று நடை அடித்தேன்.

பராமரிப்பு என்றதும் பலரும் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இப்போது கண் போவது தண்ணீரின் ஓரத்துக்கு. நிரம்பி வழிந்து, மான்கள் மிதித்து, புழுக்கை கலந்த கறுப்புச் சேறு இருக்கிறதே, அதில்தான் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் கடிப்பூச்சி பெருகும். அது பரப்பும் ரத்தக்கசிவு வைரஸ் நோய் கோடைக் கடைசியில் மான்களைக் கொல்லும். காய்ச்சலில் தண்ணீரைத் தேடி வந்து கரையிலேயே விழுந்து சாகும். வடக்கு மாநிலங்களில் கொத்துக் கொத்தாகப் போவதுண்டு. டெக்சாஸ் மான்களுக்கு ஓரளவு எதிர்ப்பு சக்தி இருப்பதால் இங்கே அந்த அளவுக்கு இல்லை. மனிதருக்கு ஒட்டாது. நல்ல உறைபனி ஒன்று விழுந்து பூச்சி சாகும்வரை ஓயாது. ஆகவே தொட்டியைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு ஜல்லி கொட்டி, வழியும் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளிப் புல்லுக்கு விட்டோம். நான் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் அந்த ஜல்லியைத்தான் வைத்துக்கொள்வேன்.

கொசுவுக்கு, மிதக்கும் வில்லை விற்கிறார்கள். பி.டி.ஐ. என்ற பாக்டீரியா. கொசுப்புழுவைத் தாக்கும், மான், பறவை, தேனீக்கு ஒன்றும் செய்யாது. மாதம் ஒரு வில்லை போதும். குளோரினோ, பாசிக்கென்று மயில்துத்தமோ போட வேண்டாம். நிழலும் பிரஷ்ஷும் போதும். சோப்பும் கூடாது. மானின் மூளையைச் சல்லடையாக்கிக் கொல்லும் தீராத நலிவு நோய் (இங்கே சி.டபிள்யூ.டி. என்பார்கள்) உங்கள் வட்டாரத்தில் இருந்தால், மான்களை ஒரே இடத்தில் கூட்டுவது சரியா என்று முதலில் யோசிக்க வேண்டும். எச்சில் வழியாகவும் பரவுவது, மண்ணில் வருடக்கணக்கில் கிடப்பது. டெக்சாஸில் 2012-ல் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். எங்கள் பக்கத்தில் வந்தால் தொட்டியை எடுத்துவிடுவது என்று அண்ணனும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

காட்டுப்பன்றியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நினைத்தாலே எரிச்சல். ஒரே இரவில் ஜல்லியைக் கிளறி, குழாயைக் கடித்து, தொட்டிக்குள் இறங்கிக் குளித்துவிட்டுப் போயின. இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும், 86 சென்டிமீட்டர் உயரக் கம்பித் தட்டிகளை வட்டமாக நட்டோம். பன்றி தாண்டாது, மான் அலட்சியமாகத் தாண்டும். ஆனால் வட்டம் பெரிதாக இருக்க வேண்டும். முதலில் நான்கு மீட்டர் வட்டம் போட்டோம். குதித்தால் தொட்டிக்குள் விழுவோமோ என்று மான்கள் வெளியே நின்றே பார்த்தன. பன்னிரண்டு மீட்டராக்கிய பிறகு தயக்கம் போனது. ரொம்பச் சின்னக் குட்டியால் தாண்ட முடியாதே என்று கேட்கலாம். அந்த வயதில் அதற்குத் தாய்ப்பால் போதும்.

இப்போது அம்மா கேட்ட கேள்வி. இங்கே தனியார் நிலத்தில் மக்காச்சோளம் போட்டு மானை வரவழைத்துச் சுடுவதே சட்டப்படி சரி. தண்ணீரண்டை சுடுவதற்கும் தடை இல்லை. முதல் பருவத்தில் தொட்டிக்கு இருபது மீட்டரில் பரண் கட்டி உட்கார்ந்தோம். முதல் வாரம் அண்ணன் ஒரு கிடாவை எடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து பகலில் ஒன்றும் வரவில்லை. கேமரா படங்கள் எல்லாம் இரவு பதினொன்று, இரண்டு, மூன்று மணிக்கு. எல்லாமே மோப்பம் பிடித்துவிட்டு இருட்டுக்கு மாறிக்கொண்டன. மறு வருடம் பரணைக் கழற்றி, தடங்கள் கூடும் இடத்துக்கு வெளியே, தொட்டியிலிருந்து 150 மீட்டர் தள்ளித் தெற்கே வைத்தோம். நவம்பரில் குளிர்காற்று வடக்கிலிருந்து வரும், நம் வாடை மான் பக்கம் போகாது. அங்கே, தண்ணீர் குடித்து முடித்து நிதானமாக நடந்து வருகிறவை கிடைக்கின்றன. கோடை வறட்சியில், வேறு தண்ணீர் இல்லாத நாட்களில், புள்ளிமானுக்குச் சட்டம் அனுமதித்தாலும் நாங்கள் துப்பாக்கி எடுப்பதில்லை. அண்ணன் இதை வேட்டை உத்தி என்கிறார். எனக்கு அம்மாவின் முகம். அவளிடம், “குடிக்கையில சுடுறதில்லம்மா” என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். “குடிச்சிட்டுப் போகையில?” என்று அவள் இன்னும் கேட்கவில்லை.

வேலை என்று பார்த்தால் பெரிசில்லை. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய், மிதவையை அமுக்கிப் பார்த்து, இலையை வலையால் அள்ளி, ஓரத்தைக் காலால் மிதித்துப் பார்ப்பது. செருப்பு ஒட்டினால் ஜல்லி போதவில்லை என்று அர்த்தம். வருடத்துக்கு இரண்டு தடவை முழுக்க இறைத்துத் தேய்ப்பது. கூரைச் சல்லடையில் ஓக் இலை அடைக்கும், மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். கேமராவை வடக்குப் பார்த்துக் கட்டுங்கள், காலை மாலை வெயில் படத்தைக் கெடுக்காது. தேதி விழுந்த படங்களையும் வாங்கிய ரசீதுகளையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வரி மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்டால் அதுதான் சாட்சி.

நிலம் வாங்குமுன் வேறொரு இடத்தில் அண்ணன் குத்தகைக்கு இருந்தார். அங்கே முந்தைய குத்தகைக்காரர் புதைத்துவிட்டுப் போன தொட்டி ஒன்று, யாரும் பார்க்காமல் மூன்று வருடம் கிடந்தது. அடியில் ஒரு முழம் கறுப்புத் தண்ணீர், வழவழத்த சுவர். உள்ளே கிடந்த எலும்புகளை அண்ணன் எண்ணவில்லை. மேலே வந்ததும் முதல் வேலையாக மண்வெட்டி எடுத்து அதை மூடினார். குத்தகை நிலத்தில் தொட்டி வைக்கிறவர்கள் உரிமையாளரிடம் கேட்டு வையுங்கள், போகும்போது பெயர்த்து எடுத்துக் குழியை மூடிவிட்டுப் போங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போக முடியாதவர்கள் வைக்கவே வேண்டாம். மழை பெய்தால் மட்டும் நிறையும் பாறைக் குழிகளை நம்பி மான்கள் பிழைத்துக்கொள்ளும். ஆகஸ்ட் வரை தண்ணீர் இருந்து ஆகஸ்டில் வறண்டு போகிற தொட்டியை நம்பித்தான் ஏமாறும்.

கேட்டுப் பக்கத்துப் பழைய குழியை மட்டும் இன்னும் மூடவில்லை. மூட வேண்டும் என்று 2023 வசந்தத்தில் மண்வெட்டியோடு போனோம். முந்தின வாரம் மழை. முழங்கால் அளவு தண்ணீரில் ஆயிரக்கணக்கில் தலைப்பிரட்டை. இந்த வறண்ட நாட்டுத் தேரைகளில் சில, மழை பெய்த இரவே முட்டையிட்டு, பத்து நாளுக்குள் கால் முளைத்துக் கரையேறிவிடும் என்று பெரியவர் சொன்னார். எங்கள் குழி தாங்குவது ஒன்பது. அண்ணன் வண்டியிலிருந்து மிச்சமிருந்த வாளி இரண்டையும் எடுத்து வந்தார். மான் தொட்டிக்கென்று கொண்டுவந்த தண்ணீரில் எண்பது லிட்டரை அதில் ஊற்றிவிட்டு, மண்வெட்டியை மறுபடியும் வண்டியில் போட்டோம்.